ஹவில்தார் இறந்த பின்: குடும்ப பென்ஷன், ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்), மகளின் ஸ்காலர்ஷிப். எதை முதலில் செய்வது?

பாகூர்_வாசு

வணக்கம். அக்கா குடும்பத்துக்காகக் கேட்கிறேன். அத்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருஷம் சர்வீஸ், 2004-ல் ஹவில்தாராக பென்ஷனோடு வந்தவர். பிறகு நெய்வேலியில் ஒரு ஒப்பந்ததாரரிடம் செக்யூரிட்டி வேலை, பி.எஃப். பிடித்தம் உண்டு. போன மாதம் 56 வயதில் மாரடைப்பில் தவறிவிட்டார். இறப்பைப் பதிந்தாகிவிட்டது, சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை.

அக்காவுக்கு 50 வயது. டிஸ்சார்ஜ் புக்கில் (ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது தரும் பணிப் புத்தகம்) அவர் பெயர் விஜயலட்சுமி, ஆதாரில் விஜயா. பிறந்த தேதி புக்கில் வெறும் வருஷம் மட்டும்தான். மகன் 22, வேலை தேடுகிறான். மகள் 2006-ல் பிறந்தவள், இந்த வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. அத்தான் பதிவு கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில். ஆனால் குடும்பம் மூன்று வருஷமாக இங்கே பாகூரில் இருக்கிறது.

பென்ஷன் ஸ்பர்ஷ் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) வழியாக வந்துகொண்டிருந்தது. இப்போது எங்கே ஆரம்பிப்பது? பதிவைப் புதுச்சேரிக்கு மாற்ற வேண்டுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

கெடிலக்கரை

ஆழ்ந்த இரங்கல். முதல் வேலை: அத்தானின் சிம் கார்டை யாரும் சரண்டர் செய்ய வேண்டாம். ஸ்பர்ஷ், ஈ.சி.எச்.எஸ்., வங்கி மூன்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். எல்லாவற்றிலும் அக்காவின் எண்ணை ஏற்றி முடிக்கும் வரை ரீசார்ஜ் போட்டு உயிரோடு வையுங்கள்.

இரண்டாவது, இறப்புச் சான்றிதழ். அதில் அத்தானின் பெயர் பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) உள்ளபடி, இனிஷியல் உட்பட, இருக்கிறதா பாருங்கள். பதிவு 21 நாளுக்குள் நடந்திருந்தால் கட்டணம் கிடையாது. பெயர்ப் பிழையை இப்போதே அதே பதிவு அலுவலகத்தில் திருத்திக்கொள்வது சுலபம். பிறகு அந்த ஒரு எழுத்துக்காக ரெக்கார்ட்ஸ் (ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகம்), ஸ்பர்ஷ், பி.எஃப். என்று மூன்று இடத்தில் அஃபிடவிட் கேட்பார்கள். சான்றிதழில் நாலைந்து நகல் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சான்றிதழ் வந்ததும் ஸ்பர்ஷ் தளத்தில் பென்ஷனரின் மரணத்தைத் தெரிவிக்கும் பகுதி இருக்கிறது. அதற்கு லாகின் வேண்டாம். அத்தானின் பி.பி.ஓ. எண், இறந்த தேதி, சான்றிதழ், அக்காவின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டும். வீட்டில் வசதி இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் செய்யலாம். பதிவெண்ணை மட்டும் மறக்காமல் எழுதி வாங்குங்கள்.

மரணத்தைத் தெரிவிக்காமல் பென்ஷனை ஓடவிடுவது பெரிய தப்பு. "ரெண்டு மாசம் வரட்டும், காரியச் செலவுக்கு ஆகும்" என்று பலர் நினைக்கிறார்கள். இறந்த நாள் வரைதான் அவருக்குச் சேரும். மேலே வந்த பணம் குடும்ப பென்ஷனிலிருந்து பிடித்தமாகிப் போகும். ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் கணக்கே சரியாவதற்கு நாளாகும்.

---

ஓய்வூதிய_கணக்கு

தொகை பற்றி. அக்காவுக்கு முதலில் கிடைக்க வேண்டியது உயர்த்தப்பட்ட விகிதக் குடும்ப பென்ஷன். ஓய்வுபெற்ற பின் இறந்தால், இறந்த நாளிலிருந்து 7 வருஷம், அல்லது அவர் உயிரோடு இருந்தால் 67 வயது நிறையும் நாள், இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை. அத்தானுக்கு 56 என்பதால் ஏழு வருஷமும் முழுசாக வரும். இந்த விகிதம் கடைசிச் சம்பளத்தில் 50%, ஆனால் அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டாது. அதற்குப் பிறகு சாதாரண விகிதம், 30%. அடிப்படைக் குடும்ப பென்ஷன் 9,000 ரூபாய்க்குக் குறையாது. அதன் மேல் அகவிலை நிவாரணம் தனி.

புதுப் பி.பி.ஓ. வந்ததும் இரண்டு விகிதமும், உயர்ந்த விகிதம் முடியும் தேதியும் அச்சாகி இருக்கிறதா பாருங்கள். நேரடியாக 30% போட்டுவிட்டால் உடனே ஸ்பர்ஷில் குறை பதிவு செய்யுங்கள். ஏழு வருஷக் கணக்கில் அது பெரிய தொகை. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திருத்தம் 2024 ஜூலை 1 முதல் நடந்திருக்கிறது. அந்த அட்டவணையில் ஹவில்தார், 17 வருஷம், அவருடைய குரூப் (சம்பளப் பிரிவு) என்று பார்த்தால் இரண்டு விகிதத்துக்கும் எண் கிடைக்கும். வந்த தொகையை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பிடித்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 15 வருஷம் ஆனதால் 2019-லேயே முழு பென்ஷன் திரும்பியிருக்கும். எப்படியிருந்தாலும் குடும்ப பென்ஷனில் அந்தப் பிடித்தம் வராது.

இனி பலர் கோட்டை விடும் இரண்டு இடம். ஒன்று, நெய்வேலி வேலை. வேலையில் இருக்கும்போதே இறந்திருப்பதால் பி.எஃப். இருப்புத் தொகைக்குப் படிவம் 20, இ.பி.எஸ். (பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் திட்டம்) விதவைப் பென்ஷனுக்கு 10-டி, இ.டி.எல்.ஐ. (பி.எஃப். உறுப்பினருக்கான ஆயுள் காப்பீடு) காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப். கொடுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்த ஒரே படிவமும் உண்டு. இ.டி.எல்.ஐ. அதிகபட்சம் 7 லட்சம். இ.பி.எஸ்.ஸில் 25 வயதுக்குக் கீழே உள்ள இரண்டு பிள்ளைகளுக்கும் தாயோடு சேர்த்தே பென்ஷன் உண்டு. ராணுவக் குடும்ப பென்ஷன் வாங்குகிறவருக்கு இது கிடையாது என்று ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டையும் சேர்த்தே வாங்கலாம்.

இன்னொன்று, ராணுவக் குழுக் காப்பீட்டு நிதியின் நீட்டிப்புக் காப்பீடு. ஓய்வுபெறும்போது ஒரே தவணையாகப் பிரீமியம் பிடித்திருப்பார்கள், அதற்குத் தனிச் சான்றிதழ் இருக்கும். டிஸ்சார்ஜ் புக் வைத்திருக்கும் பெட்டியில் தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் படை எண்ணைக் கொடுத்து டெல்லி ஏ.ஜி.ஐ.எஃப். அலுவலகத்துக்கு எழுதலாம். இதை யாரும் வீடு தேடி வந்து கொடுக்க மாட்டார்கள், கோரிக்கை போனால்தான் வரும்.

---

வெலிங்டன்_வழி

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் விஜயா, விஜயலட்சுமி சிக்கலைத் தீர்க்காமல் ஒரு விண்ணப்பமும் முழுசாக நகராது. எதை எதற்குப் பொருத்துவது என்று முதலில் முடிவெடுங்கள்.

வழி ஒன்று: ஆதாரை விஜயலட்சுமி என்று மாற்றுவது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். மாற்றினால் பான், வங்கி, ரேஷன் அட்டை, இரு பிள்ளைகளின் சான்றிதழில் உள்ள தாய் பெயர் எல்லாம் அடுத்த பிரச்சினையாகும். வழி இரண்டு: ரெக்கார்ட்ஸில் பெயரைத் திருத்துவது. மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற அஃபிடவிட், ஆதார், பான், பி.பி.ஓ. நகல், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரப் பக்கத்தின் நகல், கூட்டுப் போட்டோ இருந்தால் அது, எல்லாவற்றையும் கடலூர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். ரெக்கார்ட்ஸில் பார்ட்-2 ஆர்டர் (குடும்ப விவர மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட்டு, பிறகு திருத்தப் பி.பி.ஓ. வரும்.

பிள்ளைகளின் மார்க் ஷீட்டில் தாய் பெயர் எப்படி இருக்கிறது? விஜயா என்றுதான் இருந்தால் இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. மாதக் கணக்கில் இழுக்கும், உண்மைதான். ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

பிறந்த தேதியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். இப்போது அவசியமில்லை என்று தோன்றும். 80 வயதில் 20%, 85-ல் 30%, 90-ல் 40%, 95-ல் 50%, 100-ல் 100% என்று குடும்ப பென்ஷனோடு கூடுதல் சேரும். வெறும் வருஷம் மட்டும் இருந்தால் எந்த மாதத்திலிருந்து என்று அப்போது வழக்காடிக்கொண்டிருக்க வேண்டும்.

அதோடு முக்கியமானது: மகள் பிறந்தது 2006-ல், அத்தான் வெளியே வந்தது 2004-ல். ஆக மகளின் பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்க வழியே இல்லை. பின்னால் சேர்த்தாரா என்று பாருங்கள். சேர்க்கவில்லையென்றால் பிறப்புச் சான்றிதழை வைத்து மகளின் பெயரைச் சேர்க்கும் விண்ணப்பத்தையும் இதே கவரில் அனுப்புங்கள். ஸ்காலர்ஷிப், ஈ.சி.எச்.எஸ். இரண்டுமே இங்கேதான் முட்டும்.

---

பாகூர்_வாசு

மிக்க நன்றி ஐயா எல்லோருக்கும். மார்க் ஷீட்டில் விஜயா என்றுதான் இருக்கிறது. மகள் பெயர் புக்கில் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். பெயர் திருத்தம் முடியும் வரை குடும்ப பென்ஷன் நிற்குமா? ஈ.சி.எச்.எஸ். கார்டில் அத்தான், அக்கா, மகன் மூவர்தான் இருக்கிறார்கள். அக்காவுக்கு சுகர் மாத்திரை மாதாமாதம் வாங்க வேண்டும்.

---

கெடிலக்கரை

நிறுத்திவைக்க வேண்டாம். மரணத் தகவலையும் குடும்ப பென்ஷன் கோரிக்கையையும் இப்போதே போடுங்கள். பெயர் வித்தியாசத்துக்கு அஃபிடவிட்டை அதோடு இணைத்து ஏற்றுங்கள். ரெக்கார்ட்ஸ் திருத்தம் அதன் போக்கில் பக்கத்திலேயே நடக்கட்டும். ஸ்பர்ஷ் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதியிருப்பார்கள், அந்த ஒன்றை மட்டும் சரிசெய்து மறுபடி அனுப்பினால் போதும்.

அக்காவின் பெயருக்குத் தனி லாகின் வந்ததும் உயிர்வாழ்வுச் சான்று ஆண்டுக்கு ஒரு முறை மறக்கக் கூடாது. ஜீவன் பிரமாணில் (ஆதார் வழி டிஜிட்டல் உயிர்வாழ்வுச் சான்று) செய்யும்போது பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் வங்கியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ் அலகாபாத் என்றுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பி.பி.ஓ. எண் பழையது அல்ல, அக்காவின் புது எண். சான்று எடுத்தாகிவிட்டது என்று எஸ்.எம்.எஸ். வந்தாலும் தவறான அமைப்புக்குப் போயிருந்தால் பென்ஷன் நிற்கும். ஸ்பர்ஷ் லாகினில் அடுத்த அடையாளத் தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

---

பாலிகிளினிக்_பக்கம்

ஈ.சி.எச்.எஸ். விஷயம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓய்வுபெற்றவர் என்பதால் சந்தா அப்போதே பிடித்தாகிவிட்டது. அக்கா மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஈ.சி.எச்.எஸ். தளத்தில் அத்தானின் மரணத்தைப் பதிந்து, அக்காவை முதன்மை உறுப்பினராக வைத்துப் புது 64 கே.பி. ஸ்மார்ட் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகளையும் அப்போதே சேருங்கள்.

மகன் 25 வயது நிறையும் வரை, அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, அல்லது திருமணம் வரை. இதில் எது முதலில் வந்தாலும் கார்டு செல்லாது. மகளுக்கு வயது வரம்பு இல்லை, வேலையோ திருமணமோ வரும்வரை. மகன் வேலைக்குப் போன பிறகும் கார்டை உபயோகித்தால் பின்னால் மொத்தப் பில்லையும் வசூலிப்பார்கள். குடும்பத்தின் உறுப்பினர் உரிமைக்கே ஆபத்து.

பாகூரில் இருப்பதால் தாய்ப் பாலிகிளினிக்காக (வழக்கமாகப் போகும் ஈ.சி.எச்.எஸ். கிளினிக்) புதுச்சேரியைத் தேர்வு செய்யுங்கள். படைவீரர் பதிவு கடலூரில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பாலிகிளினிக்கை வசிக்கும் இடத்தை வைத்து எடுக்கலாம். சுகர் மாத்திரை இல்லையென்று சொன்னால் சீட்டில் "இருப்பில் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் வெளியே வாங்கிய பில்லை யாரும் ஏற்க மாட்டார்கள்.

அவசரத்துக்கு, ஈ.சி.எச்.எஸ். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். போனில் சொன்னதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள், தேதியும் நேரமும் சாட்சியாக நிற்கும். பணம் திரும்பும்போது சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) விகிதத்தில்தான் வரும். தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நம் கையிலிருந்துதான். அதனால் உயிர் ஆபத்து இல்லாத நிலையில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு பட்டியலில் உள்ள இடத்துக்கே போங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், போன வருஷம் இருந்தது என்று நம்பிப் போகாதீர்கள்.

---

வெலிங்டன்_வழி

ஸ்காலர்ஷிப்பும் பதிவு மாற்றமும் ஒன்றோடொன்று பின்னியவை, அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பொருந்துவது பிரதமர் ஸ்காலர்ஷிப். கே.எஸ்.பி. (கேந்திரிய சைனிக் போர்டு, மத்திய அரசின் படைவீரர் நல வாரியம்) தளத்தில் விண்ணப்பம். பிளஸ் 2-வில் குறைந்தது 60% வேண்டும். பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500, வருஷத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும். நாடு முழுதும் ஆண்டுக்கு 5,500 பேர், அதில் பாதி பெண்கள். படைவீரர் போரில் இறந்தவரா, ஊனமுற்றவரா என்று வரிசைப்படுத்தி, கடைசியில்தான் சாதாரண முன்னாள் படைவீரர் பிள்ளைகள் வருவார்கள். அங்கே மதிப்பெண்தான் பேசும். 60% என்பது விண்ணப்பிக்கத்தான், கிடைக்க அல்ல.

முதலாண்டில் மட்டும்தான் புது விண்ணப்பம். இரண்டாம் ஆண்டில் நினைவு வந்தால் பயனில்லை. ஆகவே இந்த வருஷத் தேதியை இன்றே தளத்தில் பாருங்கள். நல அலுவலகச் சான்று, கல்லூரி முதல்வரின் போனஃபைட், வங்கிச் சான்று என்று மூன்று இணைப்புகள் இருக்கும். வங்கிக் கணக்கு மகளின் பெயரில், ஆதார் இணைத்து இருக்க வேண்டும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தேர்வானால் ஒவ்வொரு வருஷமும் 50% எடுத்துப் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது பதிவு. கே.எஸ்.பி. விண்ணப்பம் எதுவானாலும் பதிவு உள்ள மாவட்ட அலுவலகத்துக்குத்தான் சரிபார்ப்புக்குப் போகும். உங்கள் அக்கா விஷயத்தில் அது கடலூர். பாதி வேலை ஓடும்போது புதுச்சேரி முப்படை நலத்துறைக்கு மாற்றினால் கோப்பு நடுவில் தொங்கும். என் யோசனை: பெயர் திருத்தம், புதுப் பி.பி.ஓ., ஸ்காலர்ஷிப் மூன்றும் முடியும் வரை கடலூரிலேயே இருக்கட்டும். பாகூரிலிருந்து கடலூரும் பக்கம்தானே. அக்காவுக்குப் படைவீரர் கைம்பெண் அடையாள அட்டை மட்டும் இப்போதே அங்கே வாங்கிவிடுங்கள்.

அதன் பிறகு மாற்றுவது லாபமா என்று பாருங்கள். தமிழ்நாட்டின் உதவிகள், அதாவது தொகுப்பு நிதிக் கல்வி உதவி, பொறியியல் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான இட ஒதுக்கீடு, 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த முதல்வரின் காக்கும் கரங்கள் (1 கோடி வரை வங்கிக் கடன், 30% மூலதன மானியம், 3% வட்டி மானியம்) எல்லாம் தமிழ்நாட்டுப் பதிவோடு போகிறவை. ஒவ்வொன்றிலும் யாருக்குத் தகுதி என்பது தனி. மகன் தொழில் தொடங்க நினைத்தால் தனக்குப் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேட்கட்டும். புதுச்சேரிப் பக்கம் சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை அமைப்பு) சேர்க்கைக்கு ஐந்து வருஷத் தொடர் வசிப்பு கேட்பார்கள், உங்களுக்கு மூன்றுதான் ஆகிறது. அவசரப்பட்டு மாற்றினால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றாகும். இரண்டு இடத்திலும் பதிவு வைத்துக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

---

நெல்லிக்குப்பம்_ராஜி

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன். மாமனாருக்கு 67. ஒன்பது வருஷ சர்வீஸில் வந்துவிட்டார், பென்ஷன் இல்லை. சிப்பாய். மாதம் 8,000 தருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

---

ஓய்வூதிய_கணக்கு

உண்மைதான். கே.எஸ்.பி.யின் வறுமை நிலை உதவித்தொகை. 4,000 ஆக இருந்ததை 8,000 ஆக்கினார்கள், 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு. 65 வயதுக்கு மேல், ஹவில்தார் பதவி வரை, பென்ஷன் இல்லாதவர், நிலையான வருமானம் இல்லாதவர். அவர்களின் கைம்பெண்களுக்கும் உண்டு.

ஆனால் மாமனாரின் டிஸ்சார்ஜ் புக்கில் விலகிய காரணம் என்ன என்று எழுதியிருக்கிறது? எல்லாம் அதில்தான். 1987 ஜூலைக்குப் பின் வெளியே வந்தவர்களில், ஒப்பந்தக் காலம் முடிந்தோ, ஆட்குறைப்பிலோ, மருத்துவக் காரணத்திலோ வெளியே அனுப்பப்பட்டவர் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வரலாம். அந்தத் தேதிக்குப் பின் வந்தவருக்கு "சொந்த வேண்டுகோளின் பேரில்" என்றிருந்து பென்ஷனும் இல்லையென்றால் வரையறைக்குள்ளேயே வர மாட்டார், வயதும் வறுமையும் கணக்கில் வராது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடலூர் அலுவலகம் போய் முதலில் அந்த வரியைக் காட்டுங்கள், பிறகு படிவம் நிரப்பலாம்.

தகுதி இருந்தால் நல அமைப்பாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும், தவறினால் நின்றுவிடும்.

வீட்டில் மாமனாரின் மகள் யாருக்காவது திருமணம் வருகிறதா? ஹவில்தார் வரை உள்ளவர்களுக்கு இரண்டு மகள்கள் வரை திருமண உதவி இப்போது 1 லட்சம், முன்பு 50,000. திருமணம் முடிந்து 180 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழ் தாமதமாகித்தான் பலருக்கு இது தவறிப்போகிறது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே பதிவுக்கும் தேதி பார்த்துவிடுங்கள்.

---

பாகூர்_வாசு

மாமனார் விஷயத்தில் சொன்ன "விலகிய காரணம்" அத்தான் புக்கிலும் பார்த்தேன், "பணிக்காலம் முடிந்து" என்று இருக்கிறது. நாளை அஃபிடவிட் எழுதக் கொடுக்கிறோம். ஒரே அஃபிடவிட்டில் பெயர், பிறந்த தேதி, மகள் பெயர் மூன்றையும் எழுதலாமா?

---

வெலிங்டன்_வழி

வேண்டாம், தனித்தனியாக எழுதுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒன்றில் வரலாம், மகளுக்கு வேறொன்று. ஒன்றில் ஆட்சேபம் வந்தால் மற்றதும் சேர்ந்து திரும்பிவரும். ஒவ்வொன்றிலும் அத்தானின் படை எண், பதவி, பெயர், பி.பி.ஓ. எண் இருக்கட்டும். அசல் டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், யார் கேட்டாலும் சான்றொப்பமிட்ட நகல்தான்.